கெலி கீழேதான் வரும்

"அவன்தான் சட்டத்த மீறிக் கீழ வாறான். நான் ஏன் இறக்க வேணும்?"

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனை, ஓட்டமாவடி, கல்குடா என்று எந்தப் பக்கம் போய் ட்ரோன் வைத்திருக்கும் பொடியன்களோடு பேச்சுக்கொடுத்தாலும் சற்று நேரத்தில் இந்த வாதம் வந்துவிடும். பாசிக்குடாக் கரையோரம் தாழப் போன கெலியை, அதாவது ஹெலிகொப்டரைப் பற்றிய பேச்சென்றால் இன்னும் சீக்கிரம் வரும். சொல்பவர்கள் முரடர்கள் இல்லை. கோயில் தீர்த்தம், கந்தூரி, கூட்டாளியின் கலியாணவீடு, களப்பில் பொழுதுபடும் நேரம் என்று அழகழகாகப் படம்பிடிக்கிறவர்கள். ஆசைக்காகக் கைக்காசு போட்டு ட்ரோன் வாங்கியவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த வாதம் முழுக்கப் பிழை. சட்டத்தை வைத்துப் பார்த்தாலும் பிழை, கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பிழை. எங்கள் ஊர் வானத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருந்தால் யாரும் இதைச் சொல்லத் துணிந்திருக்கமாட்டார்கள்.

வாதத்தின் அடியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ட்ரோன் 400 அடிக்கு மேலே போகக்கூடாது. ஆள் ஏறிய விமானம் 500 அடிக்குக் கீழே வரக்கூடாது. நடுவே நூறு அடி வெற்றிடம். ஆகவே 400 அடிக்குக் கீழே உள்ள வானம் எங்களுடையது, அங்கே கெலி வந்தால் அது அத்துமீறல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த 400 அடி யூடியூப் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அதுவே 120 மீட்டர். இந்தியாவின் 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் பச்சை வலயத்துக்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். இலங்கையில் ஒருவர் ட்ரோனை ஏற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி உயரத்தைப் பற்றியதே அல்ல. சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவு இருக்கிறதா, பாதுகாப்பு அமைச்சின் இசைவு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதை அப்படியே தாண்டிவிட்டு, அமெரிக்க விதியின் ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலங்கை விமானியைச் சட்டம் மீறியவன் என்கிறார்கள்.

சரி, அந்த 500 அடி விதி என்னதான் சொல்கிறது? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் இணைப்பு, கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் ஊர்மனைகளுக்கு மேலே 300 மீட்டருக்கும் மற்ற இடங்களில் தரையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ 150 மீட்டருக்கும் கீழே வரக்கூடாது என்கிறது. 150 மீட்டர் என்றால் 500 அடி. ஆனால் அந்த விதி தொடங்குவதே விலக்கோடுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் அது பொருந்தாது. உரிய அதிகாரி அனுமதித்தாலும் பொருந்தாது. அமெரிக்காவிலேயே, கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து வராத வரை ஹெலிகொப்டர் அந்த உயரத்துக்குக் கீழே பறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. இந்த இணைப்புகளுக்கெல்லாம் தாயான 1944 ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம் தன் மூன்றாம் உறுப்பிலேயே, இது சிவில் விமானங்களுக்கு மட்டும், இராணுவம், சுங்கம், பொலிஸ் போன்ற அரச சேவை விமானங்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறது. எங்கள் தலைக்கு மேல் தாழப் பறப்பவற்றில் பெரும்பாலானவை விமானப்படையின் வண்டிகள். எந்தச் சட்டத்தை மீறியதாக அவற்றின்மேல் குற்றம் சாட்டுகிறோமோ, அந்தச் சட்டம் அவற்றுக்கு எழுதப்படவே இல்லை.

சட்டத்தை விடுவோம். வாழைச்சேனை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை வரைபடத்தில் பார்த்தால் போதும். தெற்கே மட்டக்களப்பு விமானத் தளம். 1958 இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, 1983 இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018 இல் மறுபடி சிவில் விமானங்களுக்கும் திறந்த இடம் அது. வடக்கே திருகோணமலையின் சீனக்குடா: விமானப்படையின் பயிற்சிப் பள்ளியும் கடல் கண்காணிப்பு விமானங்களும் அங்கேதான். 2022 ஆகஸ்டில் இந்தியா கொடுத்த டோர்னியர் 228 நிறுத்தப்பட்டதும் அங்கேதான். மேற்கே, பொலன்னறுவைப் பக்கம், பெல் 212 கெலிகள் நிற்கும் ஹிங்குராக்கொட. இந்த மூன்றுக்கும் நடுவில் கடலும் களப்பும் வயலுமாகக் கிடக்கும் எங்கள் கரையோரத் தட்டை நிலத்தில் மலையும் இல்லை, உயர்ந்த கட்டடமும் இல்லை. கடதாசி ஆலையைத் தவிர விமானி கண்வைக்க வேறு பெரிய அடையாளமும் அதிகம் கிடையாது. கடற்கரை விளிம்பையும் களப்பு வாயையும் ரயில் பாதையையும் பார்த்துப் பார்த்துப் பறப்பதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. நாங்கள் ட்ரோன் ஏற்றுவதும் இதே கடற்கரை விளிம்பில்தான். அழகாக இருப்பது அதுதானே.

இதோடு மாரியையும் சேர்த்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவ மழை இறங்கும்போது முகில் கூரை 600 அடி, 500 அடி என்று தாழ்ந்துவிடும். கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானி முகிலுக்குள் போகமுடியாது. அதற்கு அடியில்தான் வரவேண்டும். அந்த நாட்களில்தான் அவனுக்கு வேலையும் அதிகம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் பாதை ஏறத்தாழ வருடந்தோறும் தண்ணீருக்குள் போய், அந்தப் பக்கத்துச் சனம் படகை நம்பியிருப்பது இங்கே எல்லாரும் அறிந்த கதை. படகும் போகமுடியாத இடத்துக்குப் பொதி போடவும் நோயாளியைத் தூக்கவும் கெலிதான் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கிலும் மற்ற இடங்களிலுமாகப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டபோது, விமானப்படைக் கெலிகள் சாப்பாட்டுப் பொதி போட்டது நினைவிருக்கும். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியபோதும் அதேதான். அப்போது இந்தியக் கெலிகளும் சேர்ந்து பறந்தன. கூரையில் நிற்கும் ஆளைத் தூக்க வரும் கெலி 500 அடியில் நின்று கயிறு விடுவதில்லை.

கடல் இன்னொன்று. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகுகள் போகின்றன. 2021 இல் இங்கிருந்து போன மீனவர்கள் சிலர் தொடர்பற்றுப்போய், கடைசியில் அந்தமான் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட கதையைத் துறைமுகத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு படகு தவறினால் தேடவேண்டியது ஒரு சின்ன நீலத் தார்ப்பாயை, அல்லது அலைக்கு மேலே எட்டிப்பார்க்கும் ஒரு தலையை. அதைக் கண்ணால் தேடுகிறவன் தாழத்தான் பறப்பான். ஆகவே கெலி இங்கே தாழ வருவது விதிவிலக்கு என்ற பேச்சே தலைகீழ். தாழ வருவதுதான் அதன் வேலை.

அடுத்த வாதம் கொஞ்சம் நியாயம்போலத் தெரியும். "கெலிச் சத்தம் தூரத்திலேயே கேட்கும், கேட்டதும் இறக்கிவிடலாம்." கணக்குப் போடுவோம். பெல் 212 சாதாரணமாக மணிக்கு 100 கடல்மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 51 மீட்டர் பறக்கும். சின்ன ட்ரோன் ஒன்று இறங்கும் வேகம் ரகத்தைப் பொறுத்து நொடிக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர். 120 மீட்டரிலிருந்து நொடிக்கு மூன்று மீட்டர் வீதம் இறங்க 40 நொடி வேண்டும். அந்த 40 நொடியில் கெலி இரண்டு கிலோமீட்டர் வந்துவிடும். பாசிக்குடாவில் அலை, எதிர்க்காற்று, பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர், கோயிலென்றால் மேளமும் ஒலிபெருக்கியும். இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, எந்தத் திசை என்று கண்டுபிடித்து, திரையிலிருந்து கண்ணை எடுத்து, முடிவெடுத்து, அதற்குப் பிறகுதான் ரிமோட்டின் கட்டையைக் கீழே இழுக்கவேண்டும். கெலி தன் சத்தத்துக்கு முன்னால் வந்து நிற்பதை இந்தக் கரையில் யுத்தகாலத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனைக்கு மேலே தலை தெரிந்த பிறகுதான் பலமுறை காதுக்குத் தெரிந்தது.

"அவன் என்னைக் கண்டு விலகலாம்தானே" என்பதும் உண்டு. முப்பது சென்ரிமீட்டர் அகலமான சாம்பல் நிறப் பொருளை 500 மீட்டரில் காண்பது நல்ல கண்ணுக்கே எல்லைக்கோடு. 500 மீட்டர் என்பது அவனுக்குப் பத்து நொடி. அதோடு, மோதும் பாதையில் வரும் பொருள் விமானியின் கண்ணாடியில் அசையாமல் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வரும். அசையாததைக் கண் விட்டுவிடும். பறவையென்றால் பெரும்பாலும் தானே விலகப் பார்க்கும். எங்கள் ட்ரோன் நாங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கும். அதைத்தானே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

400 அடிக்குக் கீழே நின்றும் மோதிய ஒரு ட்ரோனின் கதை பதிவில் இருக்கிறது. 2017 செப்டெம்பர் 21, நியூயோர்க்கின் ஸ்ரேட்டன் தீவுப் பக்கம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்தையொட்டி வானத்தில் தற்காலிகத் தடை. பொழுதுபோக்குக்காக ஒருவர் டிஜேஐ ஃபன்ரம் 4 ட்ரோனைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு, இரண்டரை மைலுக்கு அனுப்பியிருந்தார். உயரம் சுமார் 300 அடி. அங்கே அமெரிக்கத் தரைப்படையின் பிளக்ஹோக் கெலியொன்று வந்தது. ட்ரோன் அதன் பிரதான சுழலித் தகட்டில் அடித்தது. கெலி தப்பி இறங்கியது. கெலிக்குள் சிக்கியிருந்த மோட்டார்த் துண்டை வைத்து அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆளைக் கண்டுபிடித்தது. விசாரணையாளர்கள் தொடர்புகொள்ளும் வரைக்கும் மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. ட்ரோன் எங்கோ விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். தடை இருந்தால் செயலி சொல்லும் என்று நம்பியிருந்தார். மோதிய அந்தப் பறப்பில் 400 அடி விதியை அவர் மீறவில்லை. அந்த விதி அவரையும் காக்கவில்லை, கெலியில் இருந்தவர்களையும் காக்கவில்லை.

எங்கள் பொடியன்கள் அதிகம் விரும்பிச் சொல்வது காகக் கதை. "என்ட ட்ரோன் காகத்தவிடச் சின்னன், அது பட்டு கெலி விழுமா?" 250 கிராமுக்குக் குறைந்த ரகங்கள் வந்த பிறகு இந்தப் பேச்சு வேதவாக்காகிவிட்டது. இதற்குப் பதில் 2025 ஜனவரி 9 இல் லொஸ் ஏஞ்சலிஸில் கிடைத்தது. பலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைக்கக் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த சிஎல்-415 தண்ணீர் விமானத்தின் இறகில் ஒரு ட்ரோன் மோதி, மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம் அளவில் துளைபோட்டது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் நாட்கணக்கில் தரையில் நின்றது. ட்ரோன் டிஜேஐ மினி 3 ப்ரோ. 250 கிராமுக்குள் அடங்கும் ரகம். தீயைப் பார்க்க ஆசைப்பட்டு, வாகனத் தரிப்பிடக் கட்டடமொன்றின் உச்சியிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியவர் பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

காகத்தின் உடம்பு தசையும் மெல்லிய எலும்பும். ட்ரோனில் இருப்பது மோட்டார்களின் உலோகம், கமெரா, இறுகப் பொதிந்த லித்தியம் பட்டரி. ஒரே எடைதான் என்றாலும் ட்ரோன் பறவையைவிட அதிகம் சேதம் செய்யும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2017 இலேயே சொல்லிவிட்டது. 249 கிராம் பொருள் நொடிக்கு 51 மீட்டரில் வரும் கெலியின் கண்ணாடியில் படும்போது அதன் வலு, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கல் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் வலுவுக்குச் சமம். இது கண்ணாடிக்கான கணக்கு மட்டும். சுழலித் தகட்டின் நுனி நொடிக்கு 200 மீட்டருக்கு மேலான வேகத்தில் சுற்றுகிறது. அங்கே பட்டால் அந்தக் கல் எத்தனை மடங்காகும் என்று நீங்களே பெருக்கிப்பாருங்கள். இன்னொன்று: பெரிய ஹெலிகொப்டர்கள் ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் தாங்கி இறங்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1996 இல்தான் வந்தது. எங்கள் வானத்தில் ஓடும் பெல் 212 ஓ 1960களின் இறுதியில் வரைந்த வண்டி. அதன் முன்கண்ணாடியைக் காகமே உடைக்கலாம். "காகம்தானே" என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

தாழப் பறக்கும் கெலிக்கு மிச்சமாக எதுவும் இருப்பதில்லை, உயரமும் இல்லை, நேரமும் இல்லை. 2025 மே 9 அன்று மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் விமானப்படையின் பெல் 212 விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஓடிவந்து எங்கள் களப்பில் விழுகிறது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, டித்வா நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்தது. ஓட்டிய விமானி உயிரோடு மீளவில்லை. இந்த இரண்டையும் ட்ரோன் கணக்கில் எழுத நான் வரவில்லை. தண்ணீருக்கும் மரத்துக்கும் மின்கம்பிக்கும் இடையில் பறக்கும் ஒருவனின் நிலை அவ்வளவு நெருக்கடியானது என்பதைத்தான் சொல்கிறேன். 1,000 அடியில் இயந்திரம் நின்றால் அவனுக்கு இடம்தேட நேரமிருக்கும். 150 அடியில் கண்ணாடி உடைந்தால் இருக்காது.

செயலி எச்சரிக்கும் என்ற நம்பிக்கைக்கு அதிக இடம் செலவழிக்கத் தேவையில்லை. விமானம் வானொலியில் அனுப்பும் இடக்குறிப்பைப் பிடித்துத் திரையில் காட்டும் வசதி சில ட்ரோன்களில் உண்டு. இங்கே அதிகம் ஓடும் மினி ரகங்களில் பலவற்றில் கிடையாது. இருந்தாலும் விமானம் அந்தக் குறிப்பை அனுப்பினால்தானே காட்டும்? படை வண்டிகள் எப்போதும் அனுப்புவதில்லை. விமான நிலையப் பக்கம் போனால் ட்ரோன் தானே நின்றுவிடும் என்பதும் பழைய கதையாகிக்கொண்டு வருகிறது: டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றியது. பொறுப்பு உங்கள் தலையில் என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

"இலங்கையில் இதுவரை ஏதும் நடக்கவில்லையே?" 2017 செப்டெம்பர் 20 வரை அமெரிக்காவிலும் இதைத்தான் சொன்னார்கள். மறுநாள் ஸ்ரேட்டன் தீவு. மூன்று வாரம் கழித்து, ஒக்டோபர் 12 அன்று கனடாவின் கியூபெக் நகரில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தின் இறகில் ஒரு ட்ரோன் அடித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணும் விதியும். இந்த வாதத்தின் உயிர் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அதை நேராகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஒருநாள் ஒருவர் சொன்னார்: "முப்பது வருசம் வானம் அவங்கட. இப்பத்தான் கொஞ்சம் எங்கட. அதையும் இறக்கச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளமுடியாது. கெலி என்ற சொல் எங்கள் பெற்றோருக்கு மீட்பு வண்டியின் பெயராக இருந்ததில்லை. பொம்மர், சகடை, கிபிர் என்று சத்தத்தை வைத்தே வண்டியை அடையாளம் கண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய சனம் இது. வன்னியில் தலைக்குமேல் சுற்றிய வேவு விமானத்தை வண்டு என்று கூப்பிட்டார்கள். அது இரைந்தால் பின்னால் எது வரும் என்று அறிந்திருந்தார்கள். அந்த வண்டின் பேரப்பிள்ளைதான் இன்று எங்கள் பொடியன் கையில் இருக்கும் ட்ரோன். மேலிருந்து பார்க்கப்பட்டவர்கள் மேலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தன் ஊரின் களப்பு எந்த வளைவில் திரும்புகிறது, தன் வயல் எந்த வடிவில் கிடக்கிறது, கடலரிப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று ஒரு மீனவன் மகன் முதல் தடவையாகத் தானே பார்ப்பது சின்ன விசயம் இல்லை. அந்தச் சந்தோசத்தை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது உண்டு.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்று பார்க்கவேண்டும். கெலிக்குள் இருப்பது யார்? புலிபாய்ந்தகலுக்கு அப்பால் பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணாக இருக்கலாம், பலநாள் படகிலிருந்து தூக்கிவந்த மீனவனாக இருக்கலாம். வெறும் பயிற்சிக்குப் போகும் சிப்பாயாகவே இருந்தாலும்தான் என்ன? அவர்கள் விழுவது எங்கள் கூரைமேல்தான். வானத்தில் பங்கு கேட்பது நியாயம். அந்தப் பங்கை, எதிரே வருகிறவன் விலகட்டும் என்று கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கமுடியாது. மோதினால் அவனுக்குப் போவது உயிர். எனக்குப் போவது ஒன்றரை, இரண்டு லட்சம் ரூபாய்ப் பொருள். இழப்பு சமமில்லாத இடத்தில் விலகவேண்டியவன் யார் என்பதற்குச் சட்டப்புத்தகம் தேவையில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: ஆள் ஏறிய விமானத்துக்கு ட்ரோன்தான் வழிவிடவேண்டும்.

கோபத்துக்கு உரிய இடம் வேறு இருக்கிறது: அனுமதி எடுக்கும் முறை. அங்கே நானும் சேர்ந்து கத்தத் தயார். ட்ரோன்மேல் அரசுக்குள்ள சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, தெரியும். 2007 மார்ச் 26 இல் புலிகளின் சின்ன சிலின் விமானங்கள் ராடாருக்குத் தப்பிக் கட்டுநாயக்க வரை போனதை மறந்துவிடாத படை இது. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்று மட்டக்களப்பு சீயோன். நான்காம் நாள், ஏப்ரல் 25 அன்று, நாடு முழுக்க ட்ரோன் பறப்பு நிறுத்தப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் வாழைச்சேனைப் பொடியன் ஒருவன் சட்டப்படி பறக்கவிட ஆசைப்பட்டால் கொழும்பை நோக்கி விண்ணப்பம் போடவேண்டியிருக்கிறது, அதற்கும் மேலே பாதுகாப்பு அமைச்சின் பதிலுக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றைக் கண்டு பயந்து பலர் பதியாமலே பறக்கவிடுகிறார்கள். பதியாதவன் மட்டக்களப்புத் தளத்துக்குத் தொலைபேசி எடுத்து "இன்று மாலை ஏற்றப்போகிறேன், கெலி வருமா?" என்று கேட்பானா? கேட்டால் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தவனாவான். இறுக்கிப் பிடித்த அனுமதி, கேட்டுப் பறப்பவனைக் குறைத்து, ஒளிந்து பறப்பவனைக் கூட்டுகிறது. விமானிக்கு ஆபத்து இந்த இரண்டாமவனால்தான். இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த விதிகளைத் தொடர்ந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வலயம் பிரித்த வரைபடம் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வந்தது. குறை அதற்கும் இருக்கும். என்றாலும் கல்லூரிப் பொடியன் ஒருவன் தன் வீட்டு மொட்டைமாடி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இங்கே தமிழில் ஒரு வரைபடமும், மாவட்டச் செயலகத்தில் ஒரு மேசையும், தளத்தில் எடுத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணும் கேட்போம். கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. கெலி வரும்போது இறக்காமல் நிற்கும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

கடைசியாக, வெள்ளக் காலத்து வாதம். எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் இது ஒன்றுதான். "ட்ரோன் படம் போட்டதாலதான் எங்கட ஊருக்குச் சாமான் வந்தது. இறக்கி வெச்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" உண்மை. வீதி அறுந்த ஊரின் நிலையை ஒரு நிமிடப் படம் காட்டுவதுபோல எந்த அறிக்கையும் காட்டாது. ஆனால் அந்தப் படம் உதவியாவது, கெலி வராத நேரத்தில் எடுத்து, இடமும் நேரமும் சொல்லி, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் கைக்குப் போய்ச் சேரும்போது. பேஸ்புக்கில் முதலாவதாகப் போடவேண்டும் என்ற ஓட்டத்தில், கெலி பொதி போடும் காட்சியையே மேலிருந்து பிடிக்கப் போனால், லொஸ் ஏஞ்சலிஸில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே அந்த விமானம் நின்றபோது வானத்தில் வேறு விமானங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்துக்கு அனுப்பப்படும் கெலிகளை விரல்விட்டு எண்ணலாம். ஒன்று நின்றால் சில ஊர்களுக்கு அன்றைய சாப்பாடே நின்றுபோகும்.

ஆகவே வெள்ளத்தில் ட்ரோன் எடுக்கிறவர்கள் முதலில் 117 ஐ அழுத்துங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண். இந்தப் பகுதிக்கு இன்று கெலி வருகிறதா என்று கேளுங்கள். வருகிறதென்றால் ஏற்றவேண்டாம். பதில் கிடைக்காவிட்டாலும் ஏற்றவேண்டாம். இல்லை என்றால் தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முப்பது நாற்பது மீட்டரில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வையுங்கள். அங்கிருந்து பத்துப் பதின்மூன்று நொடியில் இறக்கிவிடலாம். பக்கத்தில் திரையைப் பார்க்காமல் வானத்தை மட்டும் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். அவர் "இறக்கு" என்று சொன்னால் படம் முடிந்ததா இல்லையா என்று கேட்காமல் இறக்குங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் இதே வழக்கம் இருக்கட்டும். தீர்த்தத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி எடுக்கப் பொலிசுக்குப் போகிற கோயில் நிர்வாகசபை, ட்ரோன்காரனிடமும் பதிவுத்தாளைக் கேட்கலாம். கலியாணவீட்டுக்குப் படம்பிடிக்க ஆள் பேசுகிறவர்கள் விலையோடு அதையும் விசாரிக்கலாம். இரண்டு வீட்டில் கேட்டார்கள் என்று தெரிந்தால் மூன்றாவது வீட்டுக்கு அவன் தாளோடு வருவான்.